தென்காசிக் குளங்களில் மீன் எப்போது கடிக்கும்?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் மேகம் தாழ இறங்கிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும். கூடவே சாரலும் வரும். குற்றாலத்தில் அருவி விழுகிறது என்ற செய்தி பரவியதும் ஊர் ஊராக மக்கள் அங்கே திரளுகிறார்கள். அதே நாட்களில் அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத இன்னொரு கூட்டமும் உண்டு. கையில் ஒரு கம்பு, ஒரு டப்பா மண்புழு, தலையில் ஒரு துண்டு. குளத்தங்கரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரர்கள்தான் அவர்கள்.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் மீன் கடிக்கும், உச்சி வெயிலில் கடிக்காது என்பார்கள். மேல்காற்று அடித்தால் கரையோரமாகவே தூண்டிலைப் போடு என்பார்கள். பேசினால் மீன் ஓடிவிடும் என்று அதட்டுவார்கள். அமாவாசைக்கு ஒரு கணக்கு, பௌர்ணமிக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இவற்றில் எது உண்மை? நமது பள்ளிப் பாடத்தில் உள்ள பௌதிகத்தையும் இரசாயனத்தையும் உயிரியலையும் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தால் என்ன?

முதலில் குளத்தைத் தெரிந்துகொள்வோம். தென்காசி வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. (2019 நவம்பர் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது, இப்போது தனி மாவட்டம்.) குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. செங்கோட்டைக்கு அருகே குண்டாறு அணை, மேக்கரையில் அடவிநயினார் அணை, கடையநல்லூர் அருகே கருப்பாநதி அணை, தெற்கே கடையத்துப் பக்கம் இராமநதி, கடனாநதி அணைகள் என்று மலையடிவாரம் நெடுகிலும் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஆற்றின் குறுக்கே உள்ள பழைய அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிந்து, கீழப்பாவூர் பெரியகுளம் போன்ற எண்ணற்ற குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். ஆனி, ஆடியில் வரும் தண்ணீர் கார் சாகுபடிக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழை பிசானத்துக்கு. சித்திரை, வைகாசியில் பல குளங்களில் நடுவில் ஒரு குட்டைதான் மிஞ்சும்.

நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஆகவே இங்குள்ள குளங்களின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீனின் மூச்சு

மீன் இரை எடுப்பதும் எடுக்காமலிருப்பதும் அதன் பசியை மட்டும் பொறுத்ததல்ல. இரையைத் தேடவும் விழுங்கவும் செரிக்கவும் அதற்குப் பிராணவாயு வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 280 மில்லிகிராம் பிராணவாயு உள்ளது. தண்ணீரிலோ? 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நல்ல தண்ணீர் தன் கொள்ளளவு முழுவதும் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருந்தாலும், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் இராது. அதாவது காற்றில் இருப்பதில் ஏறக்குறைய 37-ல் ஒரு பங்கு! இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் மீன் காலம் தள்ளுகிறது.

இதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் சூடேற ஏற, அதில் கரையும் வாயு குறைந்துகொண்டே போகும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கி., 25 டிகிரியில் 8.3 மி.கி., 35 டிகிரியில் சுமார் 7 மி.கி. மீனோ குளிர் இரத்தப் பிராணி. சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடல் வெப்பம். தண்ணீர் 10 டிகிரி சூடானால் அதன் உடலில் நடக்கும் இரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகின்றன. பிராணவாயுத் தேவையும் அதே அளவு உயர்கிறது. வரவு குறையும்போது செலவு இரட்டிப்பானால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? அநாவசியச் செலவுகளை நிறுத்தும். மீனும் அப்படித்தான். முதலில் அது நிறுத்துவது இரை எடுப்பதை. உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்கோ தாமரை இலை நிழலுக்கோ ஒதுங்கிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கெண்டை வகை மீன்களுக்கு லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் வசதி. 3-க்குக் கீழே போனால் சுணங்கும். 2-க்கும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் விடியற்காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்குமே, அப்போது பிராணவாயு நிறைய இருக்கும், ஆகவே மீன் கடிக்கும் என்று நீங்கள் முடிவு கட்டலாம். அவசரப்படாதீர்கள். குளத்தில் மீன் மட்டுமா இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மிதவைப் பாசிகளும் இருக்கின்றன. குளத்துத் தண்ணீர் பச்சையாகத் தோன்றுவது அவற்றால்தான். பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து பிராணவாயுவைத் தண்ணீரில் விடுகின்றன. சூரியன் மறைந்ததும் அந்த உற்பத்தி நின்றுவிடும். ஆனால் அவை சுவாசிப்பது நிற்காது. மீனும் பாசியும் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் சேர்ந்து இரவு முழுவதும் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. ஆகவே ஒரு குளத்தில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும் நேரம் எது தெரியுமா? சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்தான்! மிகுந்திருக்கும் நேரம் பிற்பகல் 3, 4 மணி.

தூண்டில்காரர்களின் முதல் விதியைப் பாதி சரி, பாதி தவறு என்று சொல்லவேண்டியிருப்பது இதனால்தான். தெளிந்த தண்ணீருள்ள குளத்தில், கால்வாயிலிருந்து புதுத்தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் குளத்தில், விடியற்காலை நல்ல நேரமே. ஆனால் பச்சைப் பெயிண்டைக் கரைத்துவிட்டாற்போல் பாசி மண்டிய குளத்தில் விடியலில் போய் உட்கார்ந்தால் கொசுக்கடிதான் மிச்சம். அங்கே வெயில் ஏறி எட்டரை, ஒன்பது மணியானபின் போடுவது மேல். எந்தக் குளமானாலும் ஏமாற்றாத நேரம் மாலை நான்கரைக்குப் பிறகு, இருட்டும்வரை. பிராணவாயு நிறைந்திருக்கும், சூடு தணிந்துகொண்டிருக்கும், வெளிச்சமும் குறைவதால் மீன் துணிந்து ஓரத்துக்கு வரும்.

சாரலும் மேல்காற்றும்

அருவியில் தண்ணீர் வெள்ளையாகத் தெரிவது ஏன்? அதனுள் புகுந்த கோடிக்கணக்கான காற்றுக் குமிழ்களால். குற்றாலம் பேரருவியின் நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளம் இருக்கிறது. மேலிருந்து விழும் நீர் அதில் மோதிப் பொங்கி, அதன்பின்தான் கீழே விழுகிறது. காற்றையும் நீரையும் கலப்பதற்கு இதைவிட நல்ல இயந்திரத்தை எந்தப் பொறியியல் வல்லுநரும் செய்துவிட முடியாது. அருவியிலிருந்து புறப்படும் சிற்றாற்றுத் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கிறது, பிராணவாயு நிறைந்தும் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்தில் விழும் இடத்தைக் கவனியுங்கள். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் எல்லை ஒரு கோடுபோலத் தெரியும். கால்வாய் அடித்துக்கொண்டு வரும் புழுவும் பூச்சியும் அங்கேதான் சேரும். கலங்கலுக்குள் மீனின் கண் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த எல்லைக் கோட்டில் தெளிந்த பக்கமாக நின்றுகொண்டு இரையைப் பிடிக்கலாம். புதுத்தண்ணீர் வந்தால் வாய்க்கால் வாயில் போடு என்ற பேச்சு விஞ்ஞானத்துக்குப் பொருந்துவதே. எனினும், அதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மேல்காற்று. சாரல் காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று வீசிக்கொண்டே இருக்கும். அது குளத்தின் மேற்பரப்பு நீரைக் கிழக்கே தள்ளும். கூடவே மிதவை உயிர்களும் நீரில் விழுந்த பூச்சிகளும் கிழக்கே போய் ஒதுங்கும். அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களைத் தின்னப் பெரிய மீன்கள் வரும். கிழக்கே இருப்பது எது? குளத்தின் கரை! கரையில் அலை மோதி உடைவதால் அங்கே காற்றும் நன்றாகக் கலக்கும். மேல்காற்றில் கரையோரம் போடு என்று சொன்னவருக்கு இந்த விளக்கம் தெரியாமலிருக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துச் சொன்ன விதி அது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் கார்த்திகையில் இதே விதியைப் பிடித்துக்கொண்டு கரையோரம் உட்காருபவர் ஏமாறுவார். அப்போது காற்றின் திசை வேறு. உள்வாய்ப் பக்கம் போகவேண்டும்.

மீன் கரைக்கு வந்து வாயைப் பிளந்தால்

வைகாசியில், மழை வருமுன் புழுக்கமாக இருக்கும் நாட்களில், சில குளங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அதிகாலையில் மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கை நீட்டினால் பிடித்துவிடலாம் போலிருக்கும். இன்றைக்கு நல்ல வேட்டை என்று தூண்டிலோடு ஓடுபவர்களும் உண்டு. உண்மையில் அந்த மீன்கள் இரைக்காக வரவில்லை, மூச்சுக்காக வந்திருக்கின்றன. நீரின் மேல்தோலில், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மில்லிமீட்டர் கனத்தில்தான் அப்போது பிராணவாயு மிச்சமிருக்கிறது. தூண்டிலில் புழுவைக் கட்டித் தொங்கவிட்டாலும் அவை சீண்டா.

ஏன் இப்படி ஆகிறது? தண்ணீர் வற்றிச் சிறுத்துவிட்டது. மீன்களின் எண்ணிக்கையோ அப்படியே இருக்கிறது. வெப்பம் அதிகம். செத்த பாசியும் ஆகாயத்தாமரையும் அடியில் அழுகுகின்றன. காற்று அசையவில்லை. இந்த நிலையில் ஓரிரு நாள் மேகமூட்டமும் சேர்ந்துகொண்டால் ஒளிச்சேர்க்கையும் படுத்துவிடும். மறுநாள் காலையில் குளம் முழுவதும் செத்த மீன் மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை மூளுவதும் உண்டு. விஷம் என்று சந்தேகப்படுமுன் செத்தவை எந்த மீன்கள் என்று பாருங்கள். கட்லா, ரோகு, பெரிய கெண்டை ஆகியவை மட்டும் செத்து, விராலும் கெளுத்தியும் பிழைத்திருந்தால் மூச்சுத் திணறல்தான் காரணமாயிருக்க வேண்டும். ஏனென்றால் விரால், தேளி, நாட்டுக் கெளுத்தி ஆகியவற்றுக்குச் செவுளோடு, காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. அவை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போய்விடும். நச்சுப் பொருள் கலந்திருந்தால் இவையும் தப்பியிரா.

காற்றைச் சுவாசிக்கும் மீன்களில் பெயர் பெற்றது பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் இராணுவ அதிகாரி, 1791-ல் ஒரு பனைமரத்தின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீனைக் கண்டதாக எழுதினார். இலண்டன் லின்னேயன் கழகம் 1797-ல் அதை வெளியிட்டது. மீன் தானாகவே மரம் ஏறியதா, ஏதாவது பறவை கொண்டுபோய்ப் போட்டதா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. மரம் ஏறும் விஷயம் எப்படியானாலும், ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது நகர்ந்து செல்வது உண்மை.

வாய் பிளக்கும் மீன்களைக் கண்டால் செய்யவேண்டியது, மீன் வளர்ப்பவருக்கு உடனே சொல்வதுதான். மோட்டாரை வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து குளத்திலேயே பாய்ச்சினால்கூடப் பல மீன்கள் பிழைத்துவிடும். பொங்குமாங்கடல் செய்யும் வேலையைத்தான் அந்த மோட்டார் சிறிய அளவில் செய்கிறது.

மீன் உங்களைப் பார்க்கிறது, கேட்கிறதா?

ஒளிவிலகல் பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 49 டிகிரி. அதாவது நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும், தலைக்கு மேலே ஏறக்குறைய 97 டிகிரி விரிந்த ஒரு வட்ட ஜன்னலுக்குள் தெரிகிறது. அந்த ஜன்னலின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. ஜன்னலுக்கு வெளியே முழு அக எதிரொளிப்பினால் நீரின் அடிப்பரப்பு கண்ணாடி போலாகி, குளத்துத் தரையே பிம்பமாகத் தெரியும்.

இந்த ஜன்னலின் ஓரத்தில் காட்சிகள் நசுங்கிவிடும். அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரம் வரை உள்ளதெல்லாம் வெறும் 1 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆக, உங்கள் தலை அந்த 10 டிகிரிக்குள் இருந்தால் மீனுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள் என்றே சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தலை நீர்மட்டத்துக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் மீன் 5 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். கரையின் உச்சியில் நின்று, தலை 3 மீட்டர் உயரத்தில் இருந்தாலோ, 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்! கரைமேல் நின்று தூண்டில் வீசும் பையனைவிடக் கரைச்சரிவில் குந்தியிருக்கும் கிழவருக்கு அதிக மீன் கிடைப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

பேசினால் ஓடிவிடுமா? காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது. ஆகவே தாராளமாகப் பேசலாம். ஆனால் கரையில் தொம் தொம் என்று நடக்கவோ, கல்லை உருட்டவோ கூடாது. தரை வழியாகப் போகும் அதிர்வு நேரே நீருக்குள் போய்விடும். நீரில் ஒலி, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்லும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காது கூர்மையானது. அவற்றின் உடலுக்குள் உள்ள காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சிறு எலும்புகள் சங்கிலிபோல் தொடர்ந்து அதிர்வைக் கடத்துகின்றன. 1820-ல் இவற்றை விவரித்த ஜெர்மானிய விஞ்ஞானி வெபரின் பெயராலேயே அவை வெபர் எலும்புகள் எனப்படுகின்றன. ஜிலேபிக் கெண்டைக்கு இந்த எலும்புகள் இல்லை. அது அவ்வளவு எளிதில் மிரளாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கெளுத்திக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் மீசையிலும் உடல் முழுவதிலும் சுவை அரும்புகள் இருக்கின்றன. உடம்பெல்லாம் நாக்கு என்றே சொல்லிவிடலாம்! அதனால்தான் கலங்கலிலும் இருட்டிலும் தரையில் கிடக்கும் மண்புழுவை அது கண்டுபிடித்துவிடுகிறது. கெளுத்திக்குப் போடும்போது ஈயக்குண்டு தரையைத் தொடவேண்டும். கெண்டைக்கு மாவு உருண்டையை நடுநீரில் தொங்கவிட வேண்டும்; தக்கையை ஏற்றி இறக்கி ஆழத்தைச் சரிசெய்யலாம்.

அமாவாசைக் கணக்கை நான் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. யாராவது இரண்டு ஆண்டு குறிப்பெழுதி வைத்தால்தான் தெரியும். காற்றழுத்தம் குறைந்தால் மீன் கடிக்காது என்று சிலர் விளக்குவது மட்டும் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. காற்றழுத்தத்தில் 1 மில்லிபார் மாறுவதும் மீன் 1 சென்டிமீட்டர் ஏறி இறங்குவதும் ஒன்றுதான். ஒரு நாளில் பலமுறை ஒரு மீட்டர் ஏறி இறங்கும் மீன், 3 அல்லது 4 மில்லிபாரைப் பொருட்படுத்துமா?

குளத்தில் யார் யார்?

இன்று நம் குளத்தில் பிடிபடும் மீன்களில் பல, வந்து குடியேறியவை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். அவை ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் வளருமே தவிர இனம் பெருக்கா. முன்பெல்லாம் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றிலிருந்து வாரிக்கொண்டு வரவேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, தேங்கிய நீரிலேயே மீனை முட்டையிட வைத்தார்கள். நம் ஊர்க் குளங்களில் கட்லா வளர்வதற்கு வழி திறந்தது அன்றுதான். அந்த நாளை இந்தியாவில் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் அது கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. பிராணவாயு குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். இதைத் தூண்டிலில் எவ்வளவு பிடித்தாலும் குளத்துக்கு நஷ்டமில்லை. வளர்க்கத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டிக்கொண்டால் அதைத் திரும்பக் குளத்தில் விடவே கூடாது. கண்ணில் படும் மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

மலையிலிருக்கும் மீன்களின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கர்ரா என்னும் இனத்துச் சிறு மீன்கள், வாய்க்குக் கீழே உள்ள உறிஞ்சும் தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தில் நிற்கின்றன. தாமிரபரணி ஆற்று அமைப்பைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களும் உண்டு. அவற்றில் ஒன்றை 1950-களில் நமது மீனியல் அறிஞர் சைலஸ் விவரித்து, தாமிரபரணியின் பெயரையே அதற்குச் சூட்டினார். முதுகுத்துடுப்பின் கதிர்கள் நூல்போல் நீண்டு, உடலில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும் அழகான கெண்டை அது. இன்று அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இத்தகைய மீன்கள் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடும் நீருக்குப் பழகியவை. எண்ணெயும் சோப்பும் செவுளில் படிந்தால் தாங்கா. ஆகவே அருவிகளுக்கு அருகிலும் காட்டு ஓடைகளிலும் தூண்டில் வேண்டாம். அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளத்தில் ஆயிரம் ஜிலேபிக் கெண்டை காத்திருக்கிறது.

தூண்டிலைச் சுருட்டிவைக்கும் நாட்கள்

முன்பு விலக்கு ஒன்று உண்டு என்றேனே, அது இதுதான். முதல் வெள்ளம் வந்ததும் உள்ளூர்க் கெண்டைகள் நீரோட்டத்தை எதிர்த்து மறுகாலிலும் வாய்க்காலிலும் ஏறும். அவை இரைக்காக ஏறவில்லை, முட்டையிட ஏறுகின்றன. வயிறு புடைத்திருக்கும். அந்த நேரத்தில் சாக்கை விரித்துப் பிடித்தால்கூட மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் பெரிய கெண்டை இனங்களில் தாய்மீன் தன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. அந்த ஒரு வாரம் விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டுக்கு மீன் மிச்சமிருக்கும்.

விராலுக்கும் இதே கதைதான். செக்கச் செவேலென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்ப்பரப்பில் கொதிப்பதைப் பார்த்தால், கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கின்றன என்று பொருள். அந்தப் பந்தின்மேல் எதைப் போட்டாலும் காவல் மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்க. பெற்றோரைப் பிடித்துவிட்டால் பந்து சிதறி, சில மணி நேரத்தில் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். இது தெரிந்தே அப்படிப் பிடிப்பவர்களைத் திறமைசாலிகள் என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். மின்கம்பியை நீரில் விடுவது மீனோடு ஆளையும் கொல்லும். பெரும்பாலான குளங்கள் மீன்பாசி ஏலத்தில் விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் ஜிலேபிக்கு வேண்டாமென்று சொல்லமாட்டார். அணைகளில் அனுமதியின்றி இறங்கக்கூடாது.

தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் சிறு மீனைக் காயமின்றி விடுவிக்கலாம். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை அதன் வழவழப்பான பூச்சைத் துடைத்துவிடும். பின்பு அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கெளுத்தியையும் தேளியையும் வெறுங்கையால் பிடிக்கவே வேண்டாம். தேள் என்ற பெயரைத் தேளி சும்மா வாங்கிக்கொள்ளவில்லை! முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கோடையில் குளத்துக்குள் கரம்பை மண் வெட்டி எடுத்த பள்ளங்கள், தண்ணீர் வந்தபின் வெளியே தெரியா. முழங்கால் ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும். மாட்டிக்கொண்ட தூண்டிலை எடுக்க ஒருபோதும் தண்ணீரில் இறங்காதீர்கள், நரம்பை அறுத்துவிடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு சாகும். திறந்திருக்கும் மடைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஐப்பசி மாதத்து இடி மின்னலில் திறந்த கரையில் நீளக் கம்போடு நிற்பது இடிதாங்கியாக நிற்பதற்குச் சமம். பெரியவர் ஒருவர் துணையின்றிப் போகவே வேண்டாம்.

தூண்டில் இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகர மூடியை எடுத்து, நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசுங்கள். நடுவில் கயிறு கட்டி, அடியில் ஒரு எடையைச் சேர்த்து நீரில் இறக்குங்கள். மூடி கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் அளந்துகொள்ளுங்கள். 1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்ஜெலோ செக்கி மத்தியதரைக் கடலில் செய்துபார்த்த முறை இது. பச்சையான குளத்தில் 30 முதல் 40 சென்டிமீட்டர் என்றால் நல்ல குளம். 20-க்கும் குறைவென்றால் பாசி மிகுந்துவிட்டது. விடியலில் மூச்சுத் திணறும் குளம் அது. கூடவே ஒரு வெப்பமானியால் காலை 6 மணி, பகல் 12 மணி, மாலை 5 மணிக்கு நீரின் வெப்பத்தைக் குறியுங்கள். காற்றின் திசை, மேகம், எந்தப் பக்கம் எந்த மீன் எத்தனை கடித்தது என்பதையும் எழுதுங்கள். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஆசிரியரின் உதவியோடு, 1888-ல் விங்க்லர் வகுத்த முறைப்படி, மாங்கனீஸ் சல்பேட்டும் அயோடைடும் தயோசல்பேட்டும் கொண்டு பிராணவாயுவையே அளந்துவிடலாம். நீர் மாதிரியை எடுக்கும்போது பாட்டிலில் ஒரு காற்றுக் குமிழ்கூட நிற்கக்கூடாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தனிக் கட்டம் போட்டுக்கொள்ள மறக்கவேண்டாம்.